கைக்கு அடக்கமான கரி வண்டி

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தலை நரைத்துவிட்டது. பேரன், பேத்தி எடுத்தாகிவிட்டது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அந்த மனிதர் வீட்டின் அடித்தள அறைக்கு இறங்கிப் போகிறார். விளக்கைப் போடுகிறார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்கிறார். ஒரு சாண் நீளம்கூட இல்லாத சிறு கூட்ஸ் வண்டி ஒன்றைக் கையில் ஏந்தி, அதன் பக்கத் தகட்டில் துருப் பிடித்தது போல் மெல்லிய தூரிகையால் சாயம் தீட்டுகிறார். மணி பன்னிரண்டு அடிக்கிறது. மனைவி மாடிப்படியில் நின்று கூப்பிடுகிறாள். "இதோ வந்துவிட்டேன்" என்கிறார். வருவதில்லை.

அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். "கிழவருக்குப் பொம்மை ரெயிலா?" என்று நம் ஊரில் கேட்பார்கள். அங்கும் கேட்கத்தான் கேட்கிறார்கள். வண்டியில் உள்ள ரிவெட்டு ஆணிகளைக்கூட எண்ணிப் பார்த்து, "நிஜ வண்டியில் இந்த இடத்தில் இன்னும் இரண்டு ஆணி உண்டே!" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு "ரிவெட்டு எண்ணுகிறவர்கள்" என்றே கேலிப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

நாம் கேலி செய்யப் போவதில்லை. அந்தச் சிறு வண்டிக்குப் பின்னால் ஒரு நிஜ வண்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு மலைநாடு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் நம் குறையைச் சொல்ல வேண்டும். குறை ஒன்று உண்டு.

மாவு மில்லில் பார்த்தது

மாவு மில்லுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். யந்திரத்தின் தலையில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். மேல் வாய் அகலம். கீழே போகப் போகக் குறுகிவிடும். அரிசியைக் கொட்டினால் போதும். அது தானாகவே சரிந்து இறங்கும். அதற்கு இங்கிலீஷில் "ஹாப்பர்" என்று பெயர். அதைப் போன்ற பெட்டிகள் இரண்டையோ மூன்றையோ வரிசையாகச் சேர்த்து, அடியில் சக்கரம் மாட்டினால் அதுதான் கரி ஹாப்பர் வண்டி. கூரை கிடையாது. தட்டையான தரைக்குப் பதில் சரிவான இரும்புத் தகடுகள். அடியில் கதவுகள். தாழ்ப்பாளைத் தட்டிவிட்டால் கதவு திறந்து தொங்கும். கரி தன் பாரத்தினாலேயே கொட்டிவிடும்.

இதில் என்ன பெரிய அதிசயம் என்கிறீர்களா? இது வருவதற்கு முன்னால் தட்டை வண்டியில் வந்த கரியை ஆட்கள் ஏறி நின்று மண்வெட்டியால் வாரி இறைத்தார்கள். டன் டன்னாக. ஹாப்பர் வந்த பிறகு அந்த வேலையைப் பூமியின் ஈர்ப்புச் சக்தியே செய்தது; அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் மட்டும் தகராறு. ஈரக் கரி உறைந்து பாறையாகி, கதவைத் திறந்தாலும் விழாது. வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி அனல் மூட்டுவார்கள். ஆட்கள் இரும்புக் கம்பியால் குத்துவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. வண்டியை அப்படியே யந்திரக் கைகளால் பிடித்து, குடத்தைக் கவிழ்ப்பது போல் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது! பெரிய கரித் துறைமுகங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். வண்டியின் ஒரு முனையில் சுழலும் இணைப்பு இருந்தால், ரெயிலிலிருந்து கழற்றாமலே அதைக் கவிழ்க்கலாம். எந்த முனை சுழலும் முனை என்று தெரிவதற்காக அந்தப் பக்கத்தை வேறு நிறத்தில் பூசிவைப்பார்கள். மாடல் செய்கிறவர்களும் மறக்காமல் அந்த நிறத்தைப் பூசுகிறார்கள். அவர்களுடைய வண்டி கவிழ்ந்தால் மட்டும் அது விபத்து!

போக்கஹாண்டஸ் கரி

அமெரிக்காவின் கிழக்கே வர்ஜினியா, மேற்கு வர்ஜினியா என்று இரண்டு மாநிலங்கள். இரண்டுக்கும் இடையே அப்பலாச்சிய மலைத்தொடர். அங்கே போக்கஹாண்டஸ் என்ற செவ்விந்தியப் பெண்ணின் பெயரால் வழங்கும் நிலக்கரி வயல் இருக்கிறது. ஆள் நிமிர்ந்து நின்று வெட்டக்கூடிய அளவுக்குக் கனமான கரிப்படிவம். புகை குறைவு. சூடு அதிகம். கடற்படைக் கப்பல்கள் விரும்பி எரித்த கரி அது.

அந்தக் கரிக்காகவே நார்போக் அண்டு வெஸ்டர்ன் என்ற ரெயில்வே மலைக்குள் பாதை போட்டது. 1883ல் முதல் கரி நார்போக் துறைமுகத்துக்கு இறங்கியது. ஓராண்டு சென்றது. 1884 மார்ச் 13ந் தேதி போக்கஹாண்டஸ் சுரங்கத்தில் வெடி விபத்து. உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. குறைந்தது 114 பேர் மாண்டார்கள். பிறகு சுரங்கத்தை மீண்டும் திறந்தார்கள். வண்டிகள் மீண்டும் இறங்கின.

அந்த ரெயில்வேக்குக் கரிதான் சோறு. மற்ற ரெயில்வேக்கள் டீசலுக்கு மாறிய பிறகும், தனக்குச் சரக்குக் கொடுக்கும் கரி முதலாளிகளை விட்டுக்கொடுக்காமல் 1960 வரை நீராவி எஞ்சின்களை ஓட்டியது. ரோனோக் நகரில் உள்ள தன் சொந்தப் பட்டறையில் 1953 வரை நீராவி எஞ்சின் கட்டியது. வின்ஸ்டன் லிங்க் என்ற நியூயார்க் புகைப்படக்காரர் 1955லிருந்து அந்தக் கடைசி எஞ்சின்களை இரவு நேரத்தில் பெரிய பெரிய மின்வெட்டு விளக்குகளை வைத்துப் படம் பிடித்தார். அந்தப் படங்களுக்கென்றே ரோனோக்கில் ஒரு காட்சிசாலை இருக்கிறது. 1982ல் இந்த ரெயில்வே சதர்ன் ரெயில்வேயுடன் சேர்ந்து நார்போக் சதர்ன் ஆயிற்று.

வண்டிகளுக்கும் சரித்திரம் உண்டு. முதல் உலக யுத்தத்தில் சரக்கு தேங்கிப் போனபோது, 1917 டிசம்பரில் ஜனாதிபதி வில்சன் அமெரிக்க ரெயில்வேக்களை எல்லாம் அரசாங்கத்தின் கைக்குள் கொண்டுவந்தார். 1920 மார்ச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த இரண்டே கால் வருஷத்துக்குள் அரசாங்கம் பொதுவான மாதிரி வண்டிகளை வரைந்து பல ரெயில்வேக்களுக்கும் பங்கிட்டது. அவற்றில் ஒன்று 55 டன் ஹாப்பர். இருபதாயிரத்துக்கு மேல் செய்தார்கள். உடல் ஒன்று, பக்கத்தில் எழுதிய பெயர் மட்டும் வேறு வேறு. மாடல் செய்கிறவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரே அச்சில் வார்த்து, ஒன்பது ரெயில்வேயின் பெயரை எழுதிக்கொள்ளலாம்!

எடைக் கணக்கு

மாடல் ரெயிலில் பல அளவுகள் உண்டு. மிகவும் பரவிய அளவுக்கு "எச்ஓ" என்று பெயர். "ஓ" என்ற பழைய அளவில் ஏறத்தாழப் பாதி. நிஜத்தில் ஓர் அடி என்றால் இதில் மூன்றரை மில்லிமீட்டர். அதாவது 87ல் ஒரு பங்கு. நாற்பது அடி வண்டி 14 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

எடை மட்டும் 87ல் ஒரு பங்கு ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகின்றன அல்லவா? 87ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள். ஆறரை லட்சத்துக்கு மேல் வரும். 70 டன் கரி ஏற்றும் நிஜ ஹாப்பர் காலியாக இருக்கும்போது சுமார் 23 டன் எடை. அதை ஆறரை லட்சத்தால் வகுத்தால் 35 கிராம்! ஒரு சின்ன எலுமிச்சம்பழ எடை. அவ்வளவு லேசான வண்டி வளைவில் திரும்பும்போது தண்டவாளத்தை விட்டுக் குதித்துவிடும். ஆகவே அமெரிக்க மாடல் ரெயில் சங்கம் ஒரு விதி சொல்கிறது. ஒரு அவுன்சு. அதோடு வண்டியின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்சு. ஐந்தரை அங்குல வண்டிக்கு மூன்றே முக்கால் அவுன்சு, அதாவது 106 கிராம். கணக்குப்படி இருக்க வேண்டியதைப் போல் மூன்று பங்கு.

மூடிய சரக்கு வண்டியானால் உள்ளே ஓர் இரும்புத் தகட்டை வைத்து மூடிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஹாப்பர் திறந்த வண்டி. கரி ஏற்றியிருந்தால் கரிக்கு அடியில் ஈயத்தை ஒளிக்கலாம். காலி வண்டியில் எங்கே ஒளிப்பது? சரிவுத் தகட்டின் முதுகுப் பக்கத்தில், சக்கரத்துக்கு மேலே கிடைக்கும் சின்னச் சந்தில் ஈயத் துண்டுகளைத் திணிக்கிறார்கள். இந்தக் காலி ஹாப்பர் விவகாரம் அந்தக் கூட்டத்தாருக்குத் தீராத தலைவலி. மருமகள் பிரச்சினைபோல் கூடிக் கூடிப் பேசுவார்கள்.

இந்தச் சங்கம் 1935ல் மில்வாக்கி நகரில் ஆரம்பமாயிற்று. ஒருவர் விற்கும் வண்டி மற்றொருவர் விற்கும் தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்பதே அதன் முதல் வேலை. நிஜ ரெயில்வேக்களும் ஒரு காலத்தில் இதே பாடுதான் பட்டன. வண்டியோடு வண்டியை இணைக்க ஆரம்பத்தில் ஒரு வளையமும் ஓர் ஆணியும் இருந்தன. மோதிக்கொள்ளும் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் பிரேக்மேன் நின்று, சரியான நொடியில் ஆணியைச் செருக வேண்டும். நொடி தப்பினால் விரல் போகும். சில சமயம் ஆளே போவான். விரல் முழுசாக இருந்தால் அவன் வேலைக்குப் புதியவன் என்று சொல்லும் அளவுக்கு இருந்தது நிலைமை. ஈலை ஜானி என்பவர் கைவிரல் மடங்குவது போல் தானே கவ்விக்கொள்ளும் இணைப்புக்கு 1873ல் பேட்டெண்டு வாங்கினார். அதைப் போன்ற தானியங்கி இணைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் 1893ல்தான் வந்தது. நடுவில் இருபது வருஷம்! எத்தனை விரல்கள்!

மாடல் உலகில் இந்த இணைப்பைக் கச்சிதமாகச் செய்தவர்கள் ஆரிகன் மாநிலத்துக் கீத், டேல் என்ற இரட்டைச் சகோதரர்கள். இருவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துக் கம்பெனிக்குக் "கேடீ" என்று பெயர் வைத்தார்கள். நம் போலீசார் சொல்லும் கேடி அல்ல, நல்லவர்கள்தாம். தண்டவாளத்துக்கு அடியில் காந்தத்தை வைத்தால், கை படாமலே வண்டிகள் பிரியும்.

சுவருக்கு அந்தப்புறம்

இவர்கள் செய்யும் தந்திரங்களில் நமக்கு மிகவும் பிடித்தது ஒன்று. சுரங்கத்துக்குக் காலி வண்டி போக வேண்டும். கரி வண்டி திரும்ப வேண்டும். மின்சார நிலையத்துக்குக் கரி வண்டி போக வேண்டும். காலி வண்டி திரும்ப வேண்டும். அதற்காக ஒவ்வொரு வண்டியிலும் கரியை ஏற்றிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருக்க முடியுமா? நடுவில் ஒரு மலையையோ சுவரையோ எழுப்புகிறார்கள். இந்தப் பக்கம் சுரங்கம். அந்தப் பக்கம் மின்சார நிலையம். இரண்டையும் சேர்த்து மறைவாக ஒரு பாதை. காலி வண்டிகளைச் சுரங்கத்துக்குள் தள்ளினால் அவை அந்தப் பக்கம் மின்சார நிலையத்திலிருந்து காலியாக வெளியே வரும். அங்கே தள்ளிய கரி வண்டிகள் இங்கே சுரங்கத்திலிருந்து நிறைந்து வரும்! பார்க்கிறவர்களுக்குச் சுரங்கம் கரி போட்டது. மின்சார நிலையம் கரி தின்றது. ஒரு துணுக்குக் கரிகூட இடம் மாறவில்லை.

ஓஹாயோ மாநிலம் டேட்டன் நகரில் ஆலன் மக்லெல்லண்டு என்பவர் தம் வீட்டு அடித்தளத்தில் "வர்ஜினியன் அண்டு ஓஹாயோ" என்று ஒரு கற்பனைக் கரி ரெயில்வேயை அமைத்தார். அவர் ரெயிலை வட்டம் சுற்ற விடவில்லை. சுவருக்கு அப்பாலும் உலகம் இருக்கிறது, வண்டி அங்கிருந்து வந்து அங்கே போகிறது என்று எண்ணி ஓட்டினார். அவரைப் பார்த்து ஒரு தலைமுறையே மாறியது. இவரைப் போன்றவர்களைப் பொம்மை விளையாடுகிறவர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இனி நம் குறைக்கு வருவோம்.

அந்த மலைநாட்டில் காலி வண்டி என்பது என்ன? வாரம் எத்தனை நாள் அடுப்பு எரியும் என்பதற்கு அதுதான் கணக்கு. சுரங்கத்தில் கரியைக் குவித்து வைக்க இடம் கிடையாது. வெட்டிய கரி நேரே வண்டியில் விழ வேண்டும். ஆகவே ரெயில்வே காலி வண்டி அனுப்பினால் வேலை உண்டு. அனுப்பாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. அந்தக் காலத்தில் ஏற்றிய டன் கணக்குக்குத்தான் கூலி. குடியிருக்கும் வீடு கம்பெனியுடையது. சாமான் வாங்கும் கடையும் கம்பெனியுடையது. பல இடங்களில் கூலியே அந்தக் கடையில் மட்டும் செல்லும் வில்லையாகக் கிடைத்தது. பள்ளத்தாக்கில் காலி வண்டிகள் கடகடவென்று ஏறி வரும் சத்தத்தை ஒரு தாய் எப்படிக் கேட்டிருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்.

1920 மே 19ந் தேதி மேட்வான் என்ற சிற்றூரில் நடந்ததும் இந்தப் பாதையின் ஓரத்தில்தான். சங்கத்தில் சேர்ந்த தொழிலாளிகளின் குடும்பங்களைச் சாமான் சட்டியோடு வீட்டை விட்டு வெளியேற்ற, முதலாளிகளின் துப்பறியும் ஆட்கள் ரெயிலில் வந்தார்கள். வேலையை முடித்துக்கொண்டு மாலை ரெயிலுக்குக் கிளம்பினார்கள். ஊர்ப் போலீஸ் தலைவர் சிட் ஹாட்பீல்டு வழிமறித்தார். துப்பாக்கிகள் வெடித்தன. ஊர் மேயர் உள்பட பத்துப் பேர் செத்தார்கள். மறு ஆண்டு பிளேர் மலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் ஆயுதம் எடுத்தார்கள். சர்க்கார் பட்டாளத்தை அனுப்ப வேண்டியதாயிற்று.

இதே மேற்கு வர்ஜினியாவில் 1907ல் மனாங்கா சுரங்கத்தில் 362 பேர். 1968ல் பார்மிங்டனில் 78 பேர். 2010ல் அப்பர் பிக் பிராஞ்சில் 29 பேர் மாண்டார்கள். பார்மிங்டனுக்குப் பிறகுதான், கரித்தூள் படிந்து நுரையீரல் கறுத்துப்போகும் நோய்க்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி 1969ல் சட்டம் வந்தது.

மக்டவல் என்ற மாவட்டம் போக்கஹாண்டஸ் கரி வயலின் நடுவே இருக்கிறது. 1950ல் அங்கே 98,887 பேர் இருந்தார்கள். 2020ல் 19,111 பேர். கரி தீர்ந்துபோய் ஊர் காலியாகவில்லை. பத்துப் பேர் வேலையை ஒரே யந்திரம் செய்ய ஆரம்பித்தபோதே வெளியேற்றம் தொடங்கிவிட்டது. நாட்டின் கரி உற்பத்தி அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2008ல் அது சுமார் 117 கோடி டன். பிறகு மலிவான எரிவாயு வந்தது. காற்றாடியும் சூரிய வெளிச்சமும் வந்தன. 2023ல் சுமார் 58 கோடி டன்னாக இறங்கிவிட்டது. கரிப்புகையால் பூமி சூடேறுகிறது என்று தெரிந்த பிறகு, கரி குறைகிறதே என்று நாம் அழத் தேவையில்லை. (நம் நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்றும் கரியில்தான் பிறக்கிறது. ஆகவே உபதேசம் செய்யும் தகுதியும் நமக்கு இல்லை.) பழைய வண்டியை இரும்புக் கடைக்குப் போட்டதும் நியாயம்தான். மனிதர்களையும் அந்த வண்டியோடு சேர்த்துக் கழித்துக் கட்டியதைத்தான் நியாயம் என்று சொல்ல முடியாது.

ரிவெட்டு வைத்த அந்த 55 டன் வண்டிகள் காட்சிசாலைகளில் ஏதோ சில நிற்கின்றன. மற்றவை உருகிப் போயின. ஆனால் அதன் நீளம், அகலம், கதவின் தாழ்ப்பாள், பக்கத்தில் எழுதிய நம்பர், ஏற்றக்கூடிய பாரம், கடைசியாக எடை போட்ட ஊரும் மாதமும் எல்லாம் இந்த அடித்தளத்து மனிதர்களிடம் பத்திரமாக இருக்கின்றன. எந்தச் சர்க்கார் ஆவணசாலையும் இவ்வளவு அக்கறை காட்டியிருக்காது. பத்திரிகையில் தவறான நிறத்தைப் போட்டால் மறுமாதமே கடிதம் வந்து குவியும். அந்த அக்கறைக்கு நாம் தலை வணங்குகிறோம்.

அந்த அக்கறை ஏன் வண்டியோடு நின்றுவிட்டது? படங்களில் நாம் பார்த்த மாடல் சுரங்கங்களில் பெரும்பாலானவற்றில் கரி ஏற்றும் கொட்டகை உண்டு. கம்பெனிக் கடை உண்டு. வாசலில் சிவப்புப் பெயிண்டு அடித்த மோட்டார்கூட உண்டு. தொழிலாளி வீடு ஒன்றிரண்டு, அழகான திரைச்சீலையோடு. சுரங்க வாயில் வெறிச்சென்று இருக்கிறது. கரி தானே வெட்டிக்கொண்டு தானே வெளியே வருகிறது. மறைவுப் பாதைத் தந்திரம் மேஜையின்மேல் அழகுதான். ஆனால் சுவருக்கு அந்தப்புறம் யார் என்று பேரப்பிள்ளை கேட்டால், "அங்கே இன்னொரு பாதை இருக்கிறது" என்பதா பதில்? அந்தப் பிள்ளைக்கு மேட்வான் என்ற பெயர் ஒரு ஸ்டேஷன் பலகையாக மட்டும் தெரிந்திருந்தால், ரிவெட்டு எண்ணிய தாத்தா ஏதோ ஒன்றை எண்ணாமல் விட்டிருக்கிறார்.

மேட்வானை மாடலாகச் செய்கிறவர் 1920ஐத்தான் காட்ட வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. ரத்தத்தை யாரும் தூரிகையால் தீட்ட வேண்டாம். அவர் விரும்புகிற வருஷத்தையே வைத்துக்கொள்ளட்டும். இருப்புப் பாதை ஓரத்தில், காலி வண்டிகள் ஏறி வருகிற திசையைப் பார்த்தபடி, தலையில் விளக்கும் கையில் தூக்குப் பாத்திரமுமாக ஒரு மனிதனை நிறுத்தட்டும். பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு அவன் மனைவி. எச்ஓ அளவில் ஆறடி மனிதனின் உயரம் 21 மில்லிமீட்டர். அதிக இடம் அடைக்காது.